கஸ்பரும் மூன்று சினை மீன்களும்

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் பஸ் டிரைவர் கஸ்பர், தூண்டிலில் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறார் என்ற செய்தி ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பரவியபோது பலர் நம்பவில்லை. மீன்கடையில் நின்ற ஒருவர் நேரேயே கேட்டுவிட்டார்.

“அண்ணை, டொக்டர் மீன் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாரோ?”

“சாப்பிடுறதுக்கு வாங்கத்தான் இஞ்ச வந்து நிக்கிறன். வழியை விடும்,” என்றார் கஸ்பர்.

அவர் கோபக்காரர். பஸ்ஸில் ஏறுபவர்களோடு கோபம், நடு ரோட்டில் வேனை நிறுத்துபவர்களோடு கோபம், ஷிப்ட் மாற்றும் மனேஜரோடு கோபம். கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக அவருக்கு இருந்தது ஒரே இடம்: வடகிழக்கு லண்டனில், கம்பி வேலிக்குள் கிடக்கும் ஒரு பழைய நீர்த்தேக்கம். அங்கே மீன்பிடிக்க கிளப்பில் சேரவேண்டும். மூன்று வருடம் காத்திருந்து உறுப்பினர் டிக்கெட் வாங்கினார். உறுப்பினர்களில் தமிழர் அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் மாதம் அங்கே பேர்ச் மீன்களின் காலம். பச்சை உடம்பு, கறுப்பு வரிகள், சிவந்த செட்டை, முதுகில் முள். ஆழத்தில் கிடக்கும் மீன்களெல்லாம் முட்டையிட ஆழம் குறைந்த மூலைக்குக் கூட்டமாக வரும். அமிழ்ந்து கிடக்கும் வில்லோ மரக் கொப்புகளில், பின்னிய லேஸ் போல வெள்ளை நாடாவாக முட்டையைச் சுற்றிவிட்டுப் போகும். அந்த மூலைக்குக் குறுக்கே கிளப் கயிறு கட்டிவிடும். கயிற்றுக்கு வெளியே தூண்டில் போடலாம். பிடித்ததை ஈரக் கையால் தொட்டு, ஈரப் பாயில் கிடத்தி, உடனே விட்டுவிட வேண்டும். தூண்டில்காரர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான். மீன் மிகக் கனமாக இருக்கும் காலம் இது.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஸ்பர் தன் மனைவி மேரிசாந்தியின் தம்பி நிசாந்தனை விருந்தாளியாகக் கூட்டிப் போனார். நிசாந்தன் ஒரு கடைத்தொகுதியில் செக்யூரிட்டி வேலை செய்பவன். விருந்தாளி செய்யும் பிழை, கூட்டி வந்தவரின் பிழை. கிளப்பின் விதி அது. கஸ்பர் காரிலேயே அதைச் சொல்லிவைத்தார்.

காலையில் தூண்டில் மிதப்பு இரண்டு தரம் துடித்து அமிழ்ந்தது. கஸ்பர் இழுத்து, அத்தாங்கு வலையால் அள்ளினார். வயிறு புடைத்த பெரிய பேர்ச்.

“அத்தான், வயித்தைப் பாருங்கோ! முழுக்கச் சினை!”

“ஓம். அதாலதான் கெதியா விடவேணும்.”

“அதாலதான் விடக்கூடாது! அக்காவுக்குச் சினை எண்டா உயிர். மிளகுத்தூள் போட்டுப் பொரிச்சா...”

“வாயை மூடு. ஆக்கள் பாக்கினம்.”

“விடுறதுக்கு எண்டா ஏன் அத்தான் பிடிக்கிறியள்? கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை மணந்து பாத்திட்டு வாற மாதிரியெல்லோ கிடக்கு!”

கஸ்பருக்கே சிரிப்பு வந்தது. மீனை விட்டார். இன்னும் சிலதைப் பிடித்து விட்டபின், தூண்டிலை நிசாந்தனிடம் கொடுத்து, மற்றக் கரையில் நூல் சிக்கிக்கொண்ட ஒரு முதியவருக்கு உதவப் போனார். திரும்பி வந்தபோது நிசாந்தன் மிக அமைதியாக இருந்தான். அந்த அமைதியில் கஸ்பர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாசலில் கிளப்பின் காவலாளி கீத், பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். சினைக்காலத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். கஸ்பர் தாமே சாப்பாட்டுப் பையின் ஸிப்பைத் திறந்தார். ரொட்டி சுற்றிவந்த ஃபாயிலுக்குள் மூன்று பேர்ச். ஒன்று இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் அடிவயிற்றிலிருந்து வெள்ளை நாடா வழிந்து பையெல்லாம் ஒட்டியிருந்தது.

கீத் நிசாந்தனைப் பார்க்கவே இல்லை. “உன் பையா, கஸ்?” என்று மட்டும் கேட்டார்.

“என் பைதான்.”

வீடு வரும்வரை கார் அதிர்ந்தது.

“மூண்டே மூண்டு மீன் அத்தான்! அந்தக் குளத்தில எத்தினை கிடக்கு!”

“கள்ள நாயே, உயிரோட ஃபாயில்ல சுத்தினியேடா! என்ர பைக்குள்ள!”

“அக்காவுக்கெண்டு எடுத்தது...”

அக்கா கதவடியிலேயே தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். “ஈஸ்ட் ஹாமில மீன்கடை இல்லையோடா? நான் உன்னட்டச் சினை கேட்டனானோ? அந்த மனுசன் ஒரு நாள் நிம்மதியா இருக்கிற இடம் அது ஒண்டுதானே!”

புதன்கிழமை மாலை கிளப் குழு கூடியது. டிக்கெட் போய்விடும் என்று நினைத்துத்தான் கஸ்பர் போனார். தலைவர் டெரிக் கையைப் பிடித்துக் குலுக்கி, தேநீர் கொடுத்தார்.

“எடுத்தது நீங்கள் இல்லை, கஸ். எங்கள் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் உங்களிடமே இருக்கட்டும். ஒரு சின்ன உதவி மட்டும் செய்யுங்கள். மீன் திருடக்கூடாது, திருடினால் பொலிஸ் வரும் என்று உங்கள் மொழியில் இரண்டு வரி எழுதித் தாருங்கள். வாசலில் போர்டு வைக்கிறோம்.”

“ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கிறதே. ‘மீன்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்’ என்று.”

“அது பொதுவானது.”

“வேறு எந்த மொழியில் வைக்கப்போகிறீர்கள்?”

“இப்போதைக்குத் தமிழ் மட்டும்.”

கஸ்பர் தேநீர்க் கோப்பையை வைத்தார். “இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் உறுப்பினர் ஒருவர் கோட்டுக்குள் ‘பைக்’ என்ற பெரிய மீன் ஒன்றை ஒளித்துக் கொண்டு போனாரே. அவருக்கு எந்த மொழியில் போர்டு வைத்தீர்கள்?”

ஒருவர் இருமினார். டெரிக் சொன்னார்: “அது ஒரு தனி மனிதர் செய்தது.”

“இதுவும் ஒரு தனி மனிதன் செய்ததுதான்.”

“கோபப்படாதீர்கள், கஸ். வெள்ளிக்கிழமைவரை யோசியுங்கள்.”

கஸ்பர் யோசிக்கவில்லை. பர்ஸிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மூன்று வருடம் காத்திருந்தது போனதற்குக் கோபமா, அவர்கள் அவ்வளவு அன்பாகக் கேட்டதற்குக் கோபமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செய்தி கேட்டு நிசாந்தன் ஓடி வந்தான்.

“எழுதிக் குடுத்திருந்தா முடிஞ்சுதே அத்தான். ரெண்டு வரிதானே! ஆர் வாசிக்கப்போறான்?”

கஸ்பர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“நீ கள்ளன். அதை உன்ர முகத்துக்கு நேர சொல்லுவன், ஊர் கூடி நிண்டாலும் சொல்லுவன். ஆனா அந்தத் தமிழ் போர்டில உன்ர பேர் இராது. என்ர பேர் இருக்கும். உன்ர அக்காவின்ர பேர் இருக்கும். நாளைக்கு அந்த வேலியால நடந்து போற பள்ளிக்கூடப் பிள்ளையின்ர பேரும் இருக்கும். அதை என்ர கையால எழுதச் சொல்லுறியோ? வெளியில போ!”

மேரிசாந்தி வழக்கமாகத் தம்பிக்காகக் குறுக்கே வருவாள். இம்முறை எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நீர்த்தேக்கம் போய்விட்டது. ஆறுகளிலும் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் முட்டையிட்டு முடிந்தபின், ஜூன் நடுவில்தான் ஆறுகளைத் திறப்பார்கள். எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல வருடங்களுக்குப் பிறகு, கஸ்பர் மனைவியோடு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனார். அவர்களுக்கு அடுத்த பின்வரிசையில் நிசாந்தன் நின்றான். கஸ்பர் திரும்பவே இல்லை. பாட்டு வந்தது, பிரசங்கம் வந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பீடத்தை முறைத்தபடி நின்றார்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சாமியார் கேட்டுக்கொண்டார். கோயில் முழுதும் தலைகள் திரும்பின. மேரிசாந்தி முழங்கையால் இடித்தாள். கஸ்பர் மெல்லத் திரும்பினார். நிசாந்தன் இரண்டு கைகளையும் கூப்பி, கண்கலங்க நின்றான்.

“சமாதானம், அத்தான்.”

கஸ்பர் அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

“ஆறு திறக்கட்டும், பாப்பம்,” என்றார், திரும்பிக்கொண்டார்.