இரண்டு பெட்டி தெரிந்த கண்

டாக்டர், நீங்கள் என்னைப் பொய்யன் என்றீர்கள். யார்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, லீவுக்கு நடிக்கிறான்" என்று சிரிக்கவும் செய்தீர்கள்.

எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சிக்னல்மேன். கிரேன் தூக்கும் பெட்டியை அண்ணாந்து பார்த்து, ஏற்று, இறக்கு என்று கையால் காட்டுவது என் வேலை. அன்று நல்ல கடல்காற்று. பெட்டியைத் திருப்பக் கட்டியிருந்த கயிற்றின் நுனியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு. அது சுழன்று வந்து என் வலது கண்ணில் மொத்தியது.

கண்ணைச் சுற்றிக் கறுத்தது. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் குழாயடியில் நாங்கள் எல்லோரும் மூக்கைச் சிந்துவோம். துறைமுகக் கரித்தூளை மூக்கில் அடைத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது? நானும் பலமாகச் சிந்தினேன். புஸ்ஸென்று இமை பூரி மாதிரி உப்பிக்கொண்டது! தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்றது. கத்திவிட்டேன்.

"இன்னா மாமு, மூக்க சிந்தி கண்ணுல பலூன் ஊதுற?" என்றான் கிரேன் ஓட்டும் என் தோஸ்து.

மறுநாள் யார்டு கிளினிக்கில் உங்களிடம் வந்தேன். ஒரு கண்ணை மூடச் சொல்லி எழுத்துப் பலகையைக் காட்டினீர்கள். கடைசி வரி வரை படித்தேன். அடுத்த கண்ணை மூடச் சொன்னீர்கள். அதையும் படித்தேன். அண்ணாந்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, கன்னம் மரத்துப்போயிருக்கிறது என்றேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. ஃபிட் என்று எழுதி வேலைக்கு அனுப்பினீர்கள்.

நேராகப் பார்த்தால் ஒரு பெட்டி. அண்ணாந்தால் அதற்கு மேலே இன்னொரு பெட்டி. தலையைப் பின்னால் சாய்த்தால் ஒன்றாகிவிடும் என்று முகவாயைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன். "ஹீரோ கணக்கா நடந்துகினு கீறான் பாரு" என்றார்கள். வீட்டில் மனைவி, "வாயோரம் சட்னி ஒட்டிகினு கீது, தொடைக்க மாட்டியா?" என்றாள். ஒட்டியிருப்பதே எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. மேலே தெரிந்த போலிப் பெட்டியைப் பார்த்து, இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து, இறக்கு இறக்கு என்று காட்டினேன். கீழே லாரி மேல் ஒருவர் நின்றிருந்தார். தோஸ்து தானாகவே கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான்.

"ஆளு தலமேல எறக்க சொல்றியே பேமானி! கண்ணு தெரியுதா இல்லியா?"

"தெரியுதுடா. ரெண்டு ரெண்டா தெரியுது."

சட்டையை விட்டான். "அந்த டாக்டரு பேச்ச கேட்டுகினு ஒருத்தன சாவடிச்சிருப்ப. ஏறு வண்டில."

அரசு கண் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா, இரண்டு கண்ணையும் திறந்து வைத்து அவர் விரலைப் பார்க்கச் சொன்னார். விரல் மேலே போனது. இடது கண் கூடவே ஏறியது, வலது கண் பாதியில் நின்றுவிட்டது என்றார். பஞ்சால் கன்னத்தைத் தடவினார். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. "மூக்கு சிந்தினதும் வீங்கிடுச்சா?" என்று கேட்டார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். "ஆமா மேடம்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அலமாரியிலிருந்து, பாடத்துக்காகக் கன்னத்தில் ஜன்னல் வெட்டிய ஒரு மண்டையோட்டை எடுத்தார். அந்த ஜன்னலுக்குள் போன் டார்ச்சை அடித்தார். மேலே கண்குழியின் தரை விளக்குக் கூடு மாதிரி ஒளிர்ந்தது! அவ்வளவு மெல்லிய எலும்பு.

"இந்தத் தரைக்குக் கீழே காத்து அறை. அது மூக்கோட சேர்ந்தது. அடிபட்டதுல தரை உடைஞ்சிருக்கு, நீங்க சிந்தினதும் காத்து மேல ஏறிடுச்சு. கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி கொண்டுபோற நரம்பு இந்தத் தரையிலதான் ஓடுது. அதான் மரத்துப்போச்சு. கண்ணைக் கீழே இழுக்கிற சதை விரிசல்ல மாட்டிக்கிச்சு. அதான் கண்ணு மேல ஏறல."

"அப்ப பலகைய எப்படி மேடம் படிச்சேன்?"

குழியின் பின்பக்கம் ஒரு துளையைக் காட்டினார். "பார்வை நரம்பு இது வழியா வருது. அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கண்ண மூடிக்கிட்டா ரெண்டா எப்படித் தெரியும்?"

எனக்குப் புல்லரித்தது. பூரி இமை, சட்னி, இரண்டு பெட்டி, எல்லாம் ஒரே விரிசல்! வராண்டாவிலிருந்து மனைவிக்குப் போன் போட்டு மண்டையோட்டுக் கதையைக் கத்தினேன்.

"மண்டையோட்ட பாத்துட்டு இன்னாத்துக்குயா இந்தக் குதி குதிக்கிற?"

"நான் பொய் சொல்லலடி!"

ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. சதையை விடுவித்து, தரைக்கு ஒரு சின்னத் தகடு வைத்தார்கள். இப்போது எனக்குப் பெட்டி ஒன்றுதான். கன்னத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, நரம்பு திரும்புகிறதாம். போன ஞாயிறு ஷேவ் செய்யும்போது பிளேடின் சில்லிப்பு தெரிந்தது. பாத்ரூமிலேயே ஆடினேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று உங்கள் அறையை எட்டிப் பார்த்தேன். கம்பி பட்டுக் கண் வீங்கிய ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதே பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவரும் கிரேனுக்குக் கீழே நிற்கிறவர்தான்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் சொல்ல வேண்டாம் டாக்டர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யார்டு கேட்டுக்கு வாருங்கள். நீங்கள் சிரித்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். இரண்டு கண்ணையும் திறந்து மேலே பார் என்று ஏன் சொல்லவில்லை? அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்.