நைனா சட்டையில் வந்த சவுக்கு

நான் வேலை செய்யும் அறையில் ஜன்னல் உண்டு, திறக்கக் கூடாது. இங்கிலாந்தில் வெயில் தலைகாட்டுவதே அபூர்வம், வரும் நாளிலும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கடலோரக் களிமண்ணைக் கரைத்து, சல்லடையில் அலசி, கல்லாகிப்போன விதைகளையும் அழியாமல் கிடக்கும் மகரந்தத்தையும் பிரித்தெடுப்பது என் வேலை. இன்றைய பூந்தூள் பறந்துவந்து விழுந்தால் பல கோடி வருஷக் கணக்கு கெட்டுவிடும். அன்றைய காய் எப்படி இருந்தது, அதன் வம்சத்தில் இன்றைக்கு எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது மேலாளர் ஹெலனின் ஆராய்ச்சி. நான் படித்து வந்தவனில்லை. இதே கட்டடத்தில் குடுவை கழுவ வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவன்.

எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போட்டவர் என் நைனா. போனில் வேலையைச் சொன்னதும், "பூத்தூளப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்குறான்? மணலிக்கு வரச் சொல்லுடா, தூசி பாத்தே பெரியாளாய்டுவான்" என்றார். இங்கே நான் கரைக்கும் களிமண்ணில் நீப்பா என்ற சேற்றுப் பனையின் காய் கிடைக்கும். அந்தக் காலத்தில் இங்கேயும் வெக்கை; இன்று அது அந்தமானில் வளர்கிறது, இங்கே இல்லை. அதைச் சொன்னபோதுதான் யோசித்தார். "அப்ப அதுவும் நம்மளாட்டம் வெக்க ஊருதானா? பின்ன இன்னாத்துக்கு அவ்ளோ குளுருன்ற?" மரம் கிழக்கே தங்கிவிட்டது, நான் மேற்கே வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் நைனா போய்விட்டார். காரியம் முடிந்து திரும்பும்போது, அவர் கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்காமல் எடுத்துவந்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். நைனா போனதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

மேசையோரம் பசை தடவிய கண்ணாடித் தகடு ஒன்றைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். வேண்டாதது பறந்தால் அது காட்டிக்கொடுக்கும். அந்த வாரத் தகட்டில், இந்த நாட்டில் வளராத சவுக்கின் பூந்தூள். நைனா வலை உலர்த்தியது சவுக்குத் தோப்பில்.

ஹெலன் சத்தம் போடுகிறவள் அல்ல. "ஊரிலிருந்து துணி ஏதாவது வந்ததா?"

"அப்பாவின் சட்டை."

"துவைத்து அவருக்கே அனுப்பிவிடுங்களேன். இல்லையென்றால் இந்த மாத மண்ணையெல்லாம் கொட்ட வேண்டியிருக்கும். அதன்பின் உங்களை வேலையில் வைத்திருப்பது என் கையில் இல்லை."

சரி என்றேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். "தொவச்சா வாசன பூடும், தொவைக்காங்காட்டி வேல பூடும். இன்னாண்ணா இது பேஜாரு" என்றான்.

"நைனாவோட வேற சட்ட கீதாடா?"

"எல்லாத்தியும் தொவச்சு வச்சுட்டோம்ணா."

வீட்டுத் தொட்டியில் துவைத்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. பழகிய கை, மெல்லிய சல்லடையில் வடித்தது. தங்கியதைத் தகட்டில் ஏற்றி, மேலே கண்ணாடி ஒட்டி எடுத்துப்போனேன். மைக்ராஸ்கோப்பில் சவுக்கு, அலையாத்தி, நடுவே அனல்மின் நிலையத்துச் சாம்பல், கண்ணாடி மணி மாதிரி உருண்டையாக. வியர்வை உப்பு மட்டும் இல்லை. அது கரைந்து போயிருந்தது.

ஹெலனும் குனிந்து பார்த்தாள். "அழகாக இருக்கிறது. எந்த அலமாரியில் வைக்கட்டும்? இந்த அலமாரி இப்போது இருப்பவற்றுக்கு. அது இல்லாமல் போனவற்றுக்கு."

இரண்டிலும் வேண்டாமென்று தகட்டை வாங்கிப்போய் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெயில் வரும் நாளில் கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே நைனாவும் நானும் வெளியே பார்க்கிறோம்.