ஃபார்மேட் கட்சிக்காரர் வேலுச்சாமி

அவர் போன அன்று காலையில் ஆய்வகத்தில் கரைப்பான் கலந்துகொண்டிருந்தபோது வேலுச்சாமியின் மைத்துனர் போன் செய்தார். "அண்ணாச்சி, அத்தான் போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ, ஆசுபத்திரி போற வழியிலயே முடிஞ்சிட்டு." "சரி" என்றேன். போனை வைத்துவிட்டு மீதிக் கரைப்பானையும் அளந்து ஊற்றினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கோவில்பட்டியில் எண்ணெய் சோதிக்கும் எங்கள் அறையில் அவருக்கும் எனக்கும் பல வருடமாக அடுத்தடுத்த மேசை, ஒரே சண்டை. எண்ணெயைக் கரைத்துக் கருவிக்குள் அனுப்பும் கரைப்பானில் எந்த உப்பைச் சேர்ப்பது? நான் அம்மோனியம் அசிடேட் கட்சி, அவர் அம்மோனியம் ஃபார்மேட். எண்ணெயிலுள்ள கொழுப்புக்கு மின்னேற்றம் கிடையாது. உப்பிலிருந்து அம்மோனியம் ஒட்டிக்கொண்டால்தான், கொழுப்பை எடைபோட்டு இனம்காணும் அந்தக் கருவிக்குத் தெரியும். "வெறுங்கையோட போனா யாருலே மதிப்பா? கொழுப்பும் அப்படித்தான்" என்பார். அதற்காக அள்ளிப் போடவும் விடமாட்டார். உப்பளம் பார்த்து வளர்ந்த குளத்தூர்க்காரருக்கு உப்பில் இத்தனை கஞ்சத்தனமா என்று கேலி செய்வேன். சிரிக்க மாட்டார்.

கரைப்பான் பாட்டில்களில் சோப்பு படக் கூடாது என்பதில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. சோப்பிலுள்ள சோடியம் ஒட்டினால் எடை மாறி, ஒரு கொழுப்பு இன்னொன்றைப்போல் தெரியும். "கலப்படம்னு எழுத ஒரு நிமிசம் ஆகாது. போன பேரு திரும்ப வருமாலே?" என்பார்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வேறு எண்ணெய் கலந்ததாகப் புகாருக்குள்ளான ஒரு கடலைமிட்டாய்க்காரரின் கடலையெண்ணெயைக் கருவியில் ஓட்டினேன். இருக்கக் கூடாத ஒரு கொழுப்பு வரைபடத்தில் எழுந்து நின்றது. அறிக்கையில் 'கலப்படம்' என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. அறையைச் சுத்தம் செய்யும் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, பாட்டில்களைக் கழுவினாளா என்று கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி. எழவு விழுந்தா வீட்டக் கழுவாம விடுவமா? இதும் அவிய இருந்த எடம்லா. சோப்பு போட்டா வைவாவன்னு தெரியும். வையதுக்குத்தான் அவிய இல்லியே."

எனக்குத் திட்டவும் தோன்றவில்லை, அழவும் வரவில்லை. பெட்டியிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்து, புதிதாகக் கலந்து, மறுபடி ஓட்டினேன். அந்தக் கொழுப்பு இல்லை. சுத்தமான கடலையெண்ணெய்.

மிட்டாய்க்காரர் அறிக்கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வேலுச்சாமி அண்ணாச்சி எங்கன? அவியட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

"அவிய தவறிட்டாவ" என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான்.

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். ஒருவன் பேரில் பேனாவை வைக்குமுன் கொஞ்சம் நிற்பது, அதை அவரிடமிருந்து வைத்துக்கொண்டேன். அன்று புதுப் பாட்டிலில் போட்டது ஃபார்மேட். இப்போதும் அதையே போடுகிறேன். கட்சி மாறிவிட்டாயா என்று கேட்க அறையில் யாருமில்லை.