கடைக்காரம்மாவின் காது

இரும்புக் கடைக்காரம்மாவுக்குக் கொஞ்ச காலமாகவே மனசுக்குள் ஒரு பயம். "கம்பி இருக்கா?" என்று கேட்டவரிடம், "தம்பி வெளியே போயிருக்கான்" என்று பதில் சொல்லிவிட்டாள். கடையே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஆனால் அவளுடைய அப்பாவும் இந்த வயதில் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டார்.

கணவர்தான் விடாப்பிடியாகக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனார். பரிசோதிக்கும் பெண் அவளைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"எவ்வளவு லேசா கேட்டாலும் அமுக்குங்கம்மா."

கனத்த சத்தங்களுக்கெல்லாம் டக்கென்று அமுக்கினாள். கீச்சுச் சத்தங்கள் வந்தனவா என்றே தெரியவில்லை. அடுத்து, காதில் விழும் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கல்'லைப் 'பல்' என்றாள், 'படி'யைக் 'கடி' என்றாள். சத்தத்தைக் கூட்டியதும் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள்.

"எனக்கு மூளை மழுங்குதாம்மா?" என்று கேட்டேவிட்டாள்.

"கூட்டி வச்சதும் எல்லாம் சரியா சொன்னீங்களே! காதுல அரைகுறையா விழுந்தா பதிலும் அப்படித்தானே வரும்? சின்னதா ஒரு கருவி மாட்டிக்கிட்டா போதும்."

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"என்னங்க, எனக்குக் காதுதான் கேக்கலையாம்!" என்று பூரிப்போடு கூவினாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் "அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரையும் அதே பயம் அரித்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.