உலைப் பக்கம் வைத்த சப்பாத்துகள்

"2022 செப்டம்பர் 11, ஞாயிறு. மழை இல்லை. புதுச் சப்பாத்து, முதல் ஓட்டம். ஸ்டோரிலிருந்து மெயின் ரோடு வரை, திரும்பவும். ஆறு கிலோமீட்டர். இடது குதிகால் உரசுகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை."

என் ஓட்டக் குறிப்பேட்டில் அன்று எழுதியது இவ்வளவுதான். ஸ்டோர் என்று எங்கள் பக்கம் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. எனக்கு அங்கேதான் உத்தியோகம். சீனி வியாதி என்று தெரிந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நான் ஓடவே தொடங்கிவிட்டேன். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகும் பெண்கள் முதல் மாதம் முழுக்கச் சிரித்தார்கள். "ஐயாவ தொரத்துறது சிறுத்தைங்களா, சம்சாரமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "ரெண்டும்" என்றேன். அதற்குப் பிறகு வழி விட்டார்கள்.

அதற்கு முன்பு நான் ஓடிய ஜோடி கொழும்பில் வாங்கியது. நாலு வருடம் உழைத்தது. அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்து, இறக்கத்தில் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதைக் கைவிட்டேன். அதற்குள் நாட்டு நிலைமை தலைகீழாகிவிட்டது. அதே சப்பாத்துக்குக் கடையில் சொன்ன விலை பழையதைப்போல மூன்று மடங்கு. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிறிய கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், "சேர், கம்பனி பேர் வேற, வேலை அதேதான். போட்டுப் பாருங்க" என்று ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். பல வருடப் பழக்கம். என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியதெல்லாம் அவரிடம்தான். விலை மலிவு. வாங்கினேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் அது இல்லை. பழைய சப்பாத்து நனைந்தால் அதற்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணிப்பேன். ஈரம் ஏறிய தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைப்பேன். காய இரண்டு நாள் ஆகும். அந்த வருடம் பத்திரிகை விலையும் ஏறியதால் வாங்குவதை நிறுத்தி, போனிலேயே வாசிக்கப் பழகியிருந்தேன். வீட்டில் கசக்குவதற்குத் தாள் இல்லை. ஆகவே புதுச் சப்பாத்து முதல்முறை நனைந்ததும் அதை ஸ்டோருக்குக் கொண்டுபோய், கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடு கொடுக்கிற விறகு உலையின் பக்கச் சுவரோரம் வைத்தேன். மத்தியானத்துக்குள் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. எவ்வளவு சுகமான வழி என்று நினைத்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமானது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் வலது சப்பாத்தின் முனை வாய் பிளந்தது. நானா ஒன்றும் கேட்காமல் வேறு ஜோடி தந்தார். அதுவும் நவம்பரில் அப்படியே பிளந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கோபம் என்று சொல்ல முடியாது. அது ஒரு நிதானம். உட்கார்ந்து, இரண்டு ஜோடிகளுக்கும் வாங்கிய தேதி, ஓடிய நாட்கள், தூரம், மழை பெய்த நாட்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, இரண்டு படங்களோடு எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கடையின் பெயரையும் போட்டேன். கடைசி வரி, "இவை போலிச் சரக்கு என்பதில் ஐயமில்லை."

"ஐயா எழுதினா கோர்ட்டுலயே காட்டலாம்" என்று ஒரு ஆசிரியர் பதில் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது ஜோடியை நுவரெலியாவில் வாங்கினேன். விலை கொஞ்சம் கூடுதல். ஜனவரியில் ஒரு ஈரமான காலை அதையும் உலைப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பும்போது, விறகு போடுகிறவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

"வச்சிட்டாருடா. இதுக்கும் வாய் பொளந்துரும், பாரு."

நின்றேன். "என்ன சொன்னீங்க?"

அவர் விறகைக் கீழே போட்டார். "ஒண்ணுமில்லீங்க ஐயா."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"அந்தச் செவத்துக்கிட்ட நாங்க செருப்பக்கூட விடமாட்டோங்க. பசை எளகிரும்."

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

அவர் மற்றவரைப் பார்த்தார். "ஐயா சப்பாத்த ஐயா வைக்கிறீங்க. நாங்க எப்படிங்க சொல்றது?"

ட்ரையரின் சூட்டை மணிக்கொருதரம் பார்த்து எழுதுகிற ஆள் நான். அந்தச் சுவரை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு ஹட்டனுக்குப் போனேன். நானாவின் கடையில் ஓட்டச் சப்பாத்து ஒன்றுகூட இல்லை. ரப்பர் செருப்பும் புத்தகப் பையும் மட்டும் தொங்கின. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தச் சரக்கு கொழும்புல எங்க மச்சான்ட கடையில எடுத்தது, சேர்" என்றார் நானா. "ஒங்க மெசேஜ ஒருத்தர் எனக்கு அனுப்பினார். நான் அத அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். அவர் அசல்தான்னு சத்தியம் பண்ணினார். நான் நம்பல. தேதி போட்டு எழுதுற மனுஷன் பிழையா எழுதமாட்டார்னு அவர்ட்டச் சொன்னேன். மிச்ச ஜோடியெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். அவர்ட மகள்ட கலியாணத்துக்கும் போகல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி சேர், சரி சேர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"இப்ப சொல்லுங்க. அது நல்ல சரக்கா? மச்சானுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

நல்லதென்று சொல்லவே வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. சூட்டில் வைத்ததால் பசை இளகியது என்பது வரைதான் எனக்குத் தெரியும். சூடு படாமல் இருந்திருந்தால் நாலு வருடம் உழைத்திருக்குமா, அல்லது நாலு மாதத்தில் தானாகவே பிளந்திருக்குமா என்று தெரியாது. அதைத்தான் சொன்னேன். "நான் எழுதினதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லுங்க நானா. தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க. வேணும்னா நானே பேசுறேன்."

"வேணாம் சேர். இது குடும்ப விஷயம். பார்ப்போம்."

அன்று மாலையே குழுவில் திருத்தம் எழுதினேன். முதல் செய்திக்கு வந்த பதில்களில் பாதிகூட வரவில்லை. அதன் பிறகு நானாவின் கடைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மழையைப் பற்றிப் பேசினோம், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். மச்சானைப் பற்றி அவர் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சப்பாத்துகள் அசலா, போலியா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. சோதித்துப் பார்க்க அந்தச் சரக்கில் ஒரு ஜோடியாவது எங்கேயும் மிஞ்சியிருக்கிறதா என்பதும் தெரியவில்லை.