மூடியைத் திறந்தால் வாரண்டி போச்சு

கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித் தரும் அவரைத் தெருவில் எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஆம்ப்ளிஃபயர் வந்தாலும் முதல் வேலையாக அதன் அடிமூடியைக் கழற்றிவிடுவார். அட்டைப்பெட்டியில் எத்தனை வாட்ஸ் போட்டிருந்தாலும் சட்டை செய்ய மாட்டார். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு பெரிது, சூட்டை வாங்கும் அலுமினியம் எவ்வளவு தடிமன், ஈயம் வைத்த இடமெல்லாம் பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

கடையில் அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி. இந்தப் பழக்கத்தைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். திருகாணி மேல் ஒட்டிய சீல் கிழிந்தால் கம்பெனி சரக்கைத் திருப்பி எடுக்காது. அப்படித் திறந்து பார்த்தவை அலமாரியின் அடித்தட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன.

சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவர் நல்ல ஆம்ப்ளிஃபயராகக் கேட்டு வந்தார். மேஜையில் இரண்டு இருந்தன. ஒன்று புதுக் கம்பெனி. திருப்புளி திறந்து பார்த்தார், உள்ளே அலுமினியம் தகரம் மாதிரி மெலிசு. ஓரமாகத் தள்ளிவிட்டார். மற்றது அவர் பல வருடமாக எல்லோருக்கும் சிபாரிசு செய்வது. அதையும் திறக்கப் போனபோது மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, அதே கம்பெனி, அதே மாடல். இதையுமா பிரிக்கணும்?”

தூக்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று டிரைவரிடம் தன் வாயாலேயே சொன்னார்.

மாதம் முடிவதற்குள் டிரைவர் திரும்பி வந்தார். மலையேறும்போது பாட்டு விட்டு விட்டு வந்ததாம். பிறகு அடியோடு நின்றுபோனதாம். வண்டியில் இருந்தவர்கள் இறங்கும்வரை அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

“உங்க பேச்ச நம்பித்தாண்ணே வாங்கினேன்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

திருப்புளி மூடியைக் கழற்றினார். டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பாதி வெறும் ஓட்டை. அடியில் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு, கனம் காட்டுவதற்காக. எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்து, கையால் தூக்கிப் பார்ப்பவனை ஏமாற்றவென்றே இதைச் செய்திருக்கிறான்.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார். சீல் கிழிந்துவிட்டதே, ஒன்றும் செய்ய முடியாது என்றான் அவன்.

“கிழிக்காம உள்ள இரும்பு இருக்கறத எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?”

“அதனாலதான் சார் திறக்கவே வேணாம்னு சொல்றோம்.”

போனை வைத்தார். மைத்துனன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

திருப்புளி தன் காரின் டிக்கியைத் திறந்தார். அதே மாடல்தான் அதிலும் இருந்தது, ஆனால் பழைய தயாரிப்பு. மனம் வரவில்லை என்றாலும் கழற்றி வேனில் மாட்டினார். பாட்டைப் போட்டதும் வேனின் தரையே அதிர்ந்தது. டிரைவர் முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரிண்ணே. புதுசுல நீல லைட் எரிஞ்சுச்சே, இதுல எரியாதா?”

இரும்புத் துண்டையும் வெற்று ஓட்டைகளையும் இப்போதுதானே பக்கத்தில் நின்று பார்த்தார் இந்த மனிதர்? திருப்புளி உள்ளே போனார். செத்துப்போன ஆம்ப்ளிஃபயரிலிருந்து லைட்டைப் பிடுங்கி வந்து பழையதின் தலையில் ஒட்டி, ஒயரையும் இழுத்துக் கொடுத்தார்.

“இப்பத்தாண்ணே பவரா இருக்கு,” என்று சிரித்துக்கொண்டே வேனைக் கிளப்பினார் டிரைவர்.

சாயங்காலம் மனைவி காரில் ஏறியதும் வழக்கம்போல் பட்டனை அமுக்கினாள். சத்தம் இல்லை.

“பாட்டுக்கு என்னாச்சுங்க?”

“உன் தம்பியக் கேளு,” என்றார் திருப்புளி.