நூலகத் திருப்பத்தில் ஒரு புள்ளி

எங்கள் பத்திரிகையின் வரைகலைப் பிரிவுக்குத் தலைமை வகிப்பவரை நேரில் எல்லோரும் அக்கா என்போம். அவர் தலை மறைந்ததும் பூஜ்யம் என்போம். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. செய்திக்குப் பட்டை வரைபடம் போட்டால் ஒவ்வொரு பட்டையும் பூஜ்யத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் பக்கம் வடிவமைப்பவன், என்னிடம் எப்போதுமே இடம் இருக்காது. அடியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால், "உன் காலை வெட்டிட்டு உயரம் அளந்தா ஒத்துக்குவியா?" என்பார். செய்தியில் இரண்டு பத்தியை வெட்டி அவருக்கு இடம் கொடுப்பேன். எழுதியவன் வந்து என்னைத் திட்டுவான். இப்படியே வருடக்கணக்காக ஓடுகிறது.

என்னை அவர் 'கட்டம்' என்று கூப்பிடுவார். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பவன் என்பதால். கணக்கு நேராகிவிட்டது.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் அவர் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். அங்கே பேனா நூலளவு நகர்ந்தால் ஒருவர் வீட்டு அடுப்படி பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடும். அந்தப் பயத்தோடு பழகிய கை. வீட்டிலும் விடுவதில்லை. மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது கோணம் பார்ப்பார் என்று அவர் கணவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஊரில் யார் வீட்டிலும் கேக் அவ்வளவு நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்காது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் தாளில் அச்செடுத்து, செய்தி என்னவென்றே தெரியாத ஒருவரிடம் நீட்டுவார். "இதுல என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். பார்ப்பவரின் கண்ணையும் விரலையும் பார்த்துக்கொண்டு நிற்பார். விரல் தவறான இடத்துக்குப் போனால் தப்பு விரலுடையது இல்லை, படத்துடையது. வரைபடமாக இருந்துவிட்டால் ஒன்று நிச்சயம், எவராக இருந்தாலும் முதலில் தன் வீட்டைத்தான் தேடுவார். ஆசிரியர்கூட அப்படித்தான். உலக வரைபடம் கொடுத்தாலும் நம் தெரு எங்கே இருக்கும் என்று பார்க்கிற ஜாதி நாம். "தன்னைக் கண்டுபிடிச்ச பிறகுதான்டா மத்தவனைப் பாப்பாங்க" என்பார் அக்கா.

அக்காவும் நானும் ஒரே பேருந்தில் வேலைக்கு வருகிறவர்கள். அதை ஓட்டுவது அவருடைய தம்பி. கலகலப்பான ஆள். நான் ஏறும்போதெல்லாம் "வாங்க கட்டம், உங்களுக்கு மட்டும் இடமே கிடையாது" என்பான். போன வாரம் நூலகத் திருப்பத்தில் அவன் பேருந்து ஒரு பெண்மணியை இடித்துவிட்டது. துணி தைத்துப் பிழைப்பவர். உயிர் பிழைத்தார், ஆனால் கால் எலும்பு முறிந்துவிட்டது. அவனைப் பணியிலிருந்து நிறுத்தி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். "பாக்கல அக்கா, சத்தியமா பாக்கல, திடீர்னு முன்னாடி நின்னாங்க" என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்க்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. அலுவலகத்தில் இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் காலைக் கூட்டத்தில் எங்கள் தலைமை நிருபர் ஒரு செய்தியோடு வந்தார். அவரை நாங்கள் புயல் என்போம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, நடுவில் நாற்காலிகள் மட்டும் இடம் மாறியிருக்கும். போக்குவரத்துப் போலீசிடமிருந்து போன வாரம் வரைக்குமான ஒரு வருடப் பேருந்து விபத்துகளின் முழு விவரத்தையும் வாங்கியிருந்தார். தலைப்பும் தயார்: 'ரத்தம் குடிக்கும் பேருந்துகள்'.

"ஓட்டுநருங்க திமிர் தாங்கல சார். அதுவும் நூலகத் திருப்பம் இருக்கே, அங்கதான் உச்சம். போன வாரம்கூட ஒரு ஆளு..." என்று அவர் சொன்னபோது நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன். "அக்கா, சார்கிட்ட சொல்லிடலாமே. வேற யாராவது இந்தப் படத்தைப் போடட்டும்."

"வேற யாரு இருக்கா? ஒருத்தி லீவு, இன்னொருத்தன் தேர்தல் படத்துல கிடக்கான். நான் என் வேலையச் செய்யறேன். நீ வாயைத் தொறந்தே, பாத்துக்கோ."

மத்தியானத்துக்குள் படம் வந்தது. நகர வரைபடம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிவப்பு வட்டம், விபத்து அதிகமானால் வட்டமும் பெரிது. நூலகத் திருப்பத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்து எனக்கே பகீர் என்றது. பக்கத்தில் இருந்த தெருக்களையெல்லாம் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. புயலுக்கு வாயெல்லாம் பல். "இதுதான்க்கா படம்!" என்று மேசையைத் தட்டினார். நான் பக்கத்தில் ஏற்றினேன். எனக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. சொந்தத் தம்பியின் விஷயத்தில் இவ்வளவு கறாரா என்று உள்ளுக்குள் மலைத்தும் போனேன்.

வழக்கப்படி அச்செடுத்துக்கொண்டு அக்கா கீழே போனார். ஒரு தலைப்பின் அளவைக் கேட்டுக்கொண்டே நானும் பின்னால் போனேன். வரவேற்பறையில் தொலைபேசி எடுக்கும் பெண்ணிடம் படத்தை நீட்டினார்.

"இதுல என்ன தெரியுது?"

அந்தப் பெண் முதலில் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு விரல் நகர்ந்தது. "எங்க பக்கம் பரவால்ல. ஐயோ, நூலகத் திருப்பத்துல இறங்கவே கூடாது போலிருக்கே! சந்தைத் திருப்பத்துல ஒண்ணு நடந்தா இங்க நாலு நடக்குது."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நாலா?"

"ஆமா, பாருங்களேன். இந்தச் சிவப்பு அதைப் போல நாலு மடங்கு இருக்கே."

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியேறினார். தன் கணினியில் அந்த வட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நூலகத் திருப்பத்தில் நடந்த விபத்துகள் சந்தைத் திருப்பத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அக்கா வட்டத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கியிருந்தார். அகலம் இரண்டு மடங்கானால் உயரமும் கூடவே இரண்டு மடங்காகும், உள்ளே கொட்டும் சிவப்பு மை நான்கு மடங்காகும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற யாருக்கும் அவர் சொல்லித் தருகிற முதல் பாடமே இதைச் செய்யாதே என்பதுதான்.

"அக்கா, நீங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் முந்திக்கொண்டது.

"நானேதான்." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "தம்பிக்காகக் குறைச்சிட்டாள்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னு மனசு முழுக்க அதே நினைப்பு. சின்னதா தெரிஞ்சப்ப எல்லாம் பெரிசாக்கு பெரிசாக்குன்னு கை போச்சு. கணக்குப் போடவே இல்ல கட்டம். நல்லவ பேர் எடுக்க அவனைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். புயல் உள்ளேதான் இருந்தார். நான் கதவருகில் நின்றுகொண்டேன், யாரும் போகச் சொல்லவில்லை.

"சார், படத்துல தப்பு இருக்கு. நான் செஞ்ச தப்பு. நூலகத் திருப்பம் உள்ளதைவிட ரெண்டு மடங்கு பெரிசா தெரியுது. இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் அங்க இடிச்ச பஸ்ஸை ஓட்டினது என் தம்பி."

ஆசிரியர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இதை ஏம்மா காலையிலேயே சொல்லல?" என்றார் ஆசிரியர்.

"சொல்லியிருக்கணும் சார்."

புயலுக்குப் பொறுக்கவில்லை. "ஆக, தம்பிக்காக வட்டம் சுருங்கப் போகுது. அதானே?"

"சுருங்கத்தான் போகுது. அதனாலதான் இனிமே நான் தொடமாட்டேன். நீங்க வந்து உட்காருங்க. வட்டமே வேண்டாம். விபத்துக்கு ஒரு புள்ளி. எங்க நடந்துச்சோ அங்கயே வைங்க. நான் பின்னாடி நிக்கறேன்."

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், புயலைப் பார்த்தார். "உட்காருய்யா" என்றார்.

புயல் மவுஸைப் பிடித்த அழகு இருக்கிறதே, தேள் பிடிப்பவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போலீஸ் விவரத்தில் ஒவ்வொரு விபத்துக்கும் இடம் சொல்லப்பட்டிருந்தது: மருந்துக் கடைக்கு எதிரே, நிழற்குடையைத் தாண்டி, வங்கி வாசலில் என்று. புயல் அதையெல்லாம் கூட்டி எண்ணிக்கையாக்கியிருந்தாரே தவிர, ஒவ்வொன்றாகப் படித்ததில்லை. இப்போது சத்தமாகப் படித்துக்கொண்டே வைத்தார். மற்ற திருப்பங்களில் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறின. நூலகத் திருப்பத்துக்கு வந்ததும் குரல் மெதுவாகத் தேய்ந்தது.

"நிழற்குடையைத் தாண்டி... நிழற்குடையைத் தாண்டி... இதுவும் நிழற்குடைதான். என்னக்கா இது, ஒண்ணு மேல ஒண்ணு விழுது? கம்ப்யூட்டர் கோளாறா?"

"கம்ப்யூட்டர் இல்ல. ரோடு."

"வேற வேற வண்டி. வேற வேற ஆளு. எப்படி எல்லாரும் ஒரே இடத்துல..."

சொல்லி முடிக்கவில்லை, நாற்காலி ஒரு பக்கம் கிடந்தது, ஆள் இல்லை. புயல் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். உண்மை வேறு பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அதே அவசரத்தோடு அந்தப் பக்கம் ஓடவும் தெரிந்தவர். புகைப்படக்காரரையும் இழுத்துக்கொண்டு போனவர் அங்கிருந்தே போன் செய்தார். திருப்பத்தை ஒட்டி புதிதாகக் கட்டிய நிழற்குடை, அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விளம்பரப் பலகை. அதற்குப் பின்னாலிருந்து சாலையில் காலை வைக்கிறவரை ஓட்டுநர் பார்க்க முடியாது, அவரும் பேருந்தைப் பார்க்க முடியாது. "நான் ஒரு பஸ்ல முன்னாடி உட்கார்ந்து வந்து பாத்துட்டேன். ஒரு மண்ணும் தெரியல!" என்று கத்தினார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்தத் திருப்பத்தை மட்டும் பெரிசாக்கித் தனியாக் காட்டணும். இல்லன்னா புள்ளிங்க ஒண்ணா ஒட்டிக்கும்."

"எவ்வளவு இடம்?"

"அரைப் பக்கம்."

வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் பேரம் பேசாமல் கொடுத்தேன். ரத்தம் குடிக்கும் தலைப்பை எடுத்துவிட்டு ஆசிரியரே புதிதாக ஒன்று எழுதினார்: 'இந்தத் திருப்பத்தில் யாரும் யாரையும் பார்க்க முடியாது'. படத்தின் கீழே, வரைகலை ஆசிரியரின் சகோதரர் இந்த ஓட்டுநர்களில் ஒருவர் என்று ஒரு வரி போட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். போட்டோம். வரவேற்பறைப் பெண்ணிடம் புதிய படத்தைக் காட்டியபோது அவள் தன் வீட்டைத் தேடிவிட்டு, நேராக நிழற்குடையில் விரலை வைத்தாள். அக்கா படியேறி வந்து, "அனுப்பு" என்றார்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வேலை போகவில்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காதது தவறுதான் என்று எச்சரித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விளம்பரப் பலகையும் கழன்றது. புயல் அந்தச் செய்தியைத் தானே கண்டுபிடித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார், அக்காவும் மறுப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

விசாரணை நாளன்று காலை நாங்கள் மூவரும் ஒரே பேருந்தில் போனோம். ஓட்டியது வேறு ஒருவர். தம்பி பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அக்கா. நான் வழக்கம்போல் இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மடியில் எங்கள் பத்திரிகை விரிந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான்.

"அக்கா, இதுல நான் எது?"

அக்கா தேடவே இல்லை. விரல் நேராக ஒரு புள்ளியில் போய் நின்றது. அவர் விரலை எடுத்ததும் அவன் தன் விரலை அங்கே வைத்தான். எடுக்கவில்லை. பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"அந்த அம்மா எது?" என்றான்.

"அவங்களும் அதேதான்டா. நீயும் அவங்களும் ஒரே புள்ளி."

அவன் தலை நிமிரவில்லை. அக்கா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து அவன் பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற? விசாரணை நடக்கிற ஆபீஸ் இன்னும் வரலயே."

"நேரம் இருக்குக்கா. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிட்டு அப்புறம் போறேன்" என்றான்.

அக்காவும் எழுந்துகொண்டார். "நகரு கட்டம்" என்றார். நான் வழி விட்டேன்.